திருகோணமலை வெக்கையில் ஓர் இருட்டறை: பிரிண்ட் ஏன் கெட்டுப்போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவர்மலையில் எங்கள் வீட்டின் பின்பக்கம் முன்பு விறகு அடுக்கி வைத்திருந்த அறைதான் இப்போது என் இருட்டறை. ஆறடிக்கு எட்டடி. ஒரு பழைய என்லாஜர் (நெகட்டிவில் உள்ள படத்தைப் பேப்பரில் பெரிதாக்கி விழுத்தும் கருவி), மூன்று ட்ரே (படத்தை வெளிக்கொண்டு வரும் டெவலப்பர், அதை நிறுத்தும் ஸ்டொப் பாத், படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர்), பேப்பரைக் கெடுக்காத ஒரு சிவப்பு லைட் (சேஃப்லைட் என்பது இதுதான்), ஜன்னலுக்குக் கறுப்பு றெக்சின். அவ்வளவுதான். கறுப்பு வெள்ளை ஃபிலிம் பைத்தியம் புதிதாகப் பிடித்த பெடியன்களும், ஸ்டூடியோ வைத்திருந்த தகப்பனின் என்லாஜரைப் பரணில் இருந்து இறக்கித் தூசி தட்டிய இரண்டொருவரும் கெட்டுப்போன பிரிண்டுகளோடு வருவார்கள். கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் எழுதி வைக்கிறேன். பேப்பர்ப் பெட்டிக்குள் வரும் துண்டுப் பிரசுரத்தில் டெவலப்பரின் சூடு 20 பாகை செல்சியஸ் என்று அச்சடித்திருக்கும். குளிர் நாட்டுக்காரனுக்குக் குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் சுடுதண்ணீர் கலந்தாலே அந்த 20 பாகை வரும். நமக்கு வராது. இங்கே வருகிற கோளாறுகளில் பாதி அதில்தான் தொடங்குகிறது.

பிரிண்ட் சரியில்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது. பிழை எங்கே என்று எப்படிப் பிடிப்பது?

படத்தை விடுங்கள், முதலில் ஓரத்தைப் பாருங்கள். பேப்பரைப் பிடிக்கும் சட்டத்துக்குக் கீழே இருந்த அந்தக் கால் அங்குல விளிம்பில் என்லாஜர் வெளிச்சம் படவே இல்லை. அது பால் மாதிரி வெள்ளையாக இருக்கவேண்டும். சாம்பல் பூத்திருந்தால் நெகட்டிவைக் குறை சொல்ல வேண்டாம். பேப்பர் பழசு, அல்லது சேஃப்லைட் சரியில்லை, அல்லது கதவிடுக்கால் வெளிச்சம் வருகிறது, அல்லது டெவலப்பர் சூடேறிக் கிடக்கிறது. விளிம்பு வெள்ளையாக இருந்து படம் மட்டும் மங்கல் என்றால் நெகட்டிவ், லென்ஸ், எக்ஸ்போஷர் (பேப்பருக்குக் கொடுத்த வெளிச்சம்), ஃபில்டர் (கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டிக் குறைக்கும் நிறத் தகடு) என்று அந்தப் பக்கம் தேடுங்கள்.

அப்புறம் அதே நெகட்டிவில் இன்னொரு பிரிண்ட் போடுங்கள். புள்ளியோ கறையோ வேறு இடத்துக்குப் போய்விட்டதா? ட்ரேயில் அல்லது உங்கள் கையில் பிழை. அதே இடத்தில் நிற்கிறதா? நெகட்டிவைக் கரியரில் (என்லாஜருக்குள் நெகட்டிவைப் பிடிக்கும் சட்டம்) தலைகீழாகத் திருப்பி வைத்து மூன்றாவது பிரிண்ட். படத்தோடு சேர்ந்து அதுவும் திரும்பினால் நெகட்டிவில் இருக்கிறது. திரும்பாமல் பேப்பரின் அதே மூலையில் நின்றால் என்லாஜரில் இருக்கிறது. மூன்று சின்னத் துண்டுப் பேப்பர் செலவு, ஆனால் ஒரு மாலை முழுக்கத் தலையைச் சொறிவது மிச்சம்.

ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புது டெவலப்பர், புது ஃபில்டர், புது பல்ப் மூன்றையும் ஒரே இரவில் மாற்றிவிட்டு 'இப்போ சரியாகிவிட்டது அண்ணா' என்று சொன்னால், எது சரியாக்கியது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

கறுப்பு கறுப்பாக வரவில்லை. எல்லாம் சேற்று நிறம். ஏன்?

என்னிடம் அதிகம் வருவது இந்தக் கேள்விதான். பத்தில் எட்டுப் பேர் செய்கிற பிழையும் ஒன்றுதான்: பேப்பரை டெவலப்பரில் இருந்து முந்தி எடுப்பது. சிவப்பு வெளிச்சத்தில் பிரிண்ட் உள்ளதை விடக் கறுப்பாகத் தெரியும். டெவலப்பர் 30 பாகையில் இருந்தால் படம் சில வினாடியிலேயே பொங்கி வரும். பார்க்கிறவருக்குப் பதற்றம், 'ஐயோ கறுத்துப் போகுது' என்று இருபதாவது வினாடியில் இழுத்து ஸ்டொப் பாத்தில் போட்டுவிடுவார். கறுப்பு கட்டுவதற்கு நேரமே கிடைக்கவில்லை. சாம்பல் மட்டும் வந்து நிற்கிறது. சில நேரம் அதுவும் திட்டுத் திட்டாக.

பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. பேப்பருக்கு, இல்போர்ட் மல்டிகிரேட் டெவலப்பரை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று கலந்தால் 20 பாகையில் ஒரு நிமிடம். அந்த நேரத்தை முழுதாகக் கொடுங்கள். கறுத்துப் போகிறது என்றால் எக்ஸ்போஷரைக் குறையுங்கள், டெவலப்பர் நேரத்தைத் தொடாதீர்கள். அதற்குத்தான் டெஸ்ட் ஸ்ட்ரிப், அதாவது ஒரே துண்டுப் பேப்பரில் பகுதி பகுதியாக வெவ்வேறு நேரம் வெளிச்சம் கொடுத்துப் பார்ப்பது. 5, 7, 10, 14, 20 வினாடி என்று படிப்படியாகப் போடுங்கள். ஐந்து ஐந்தாகக் கூட்டிக்கொண்டு போனால் முதல் படிகளுக்கு நடுவில் பெரிய இடைவெளி, கடைசிப் படிகளுக்கு நடுவில் வித்தியாசமே தெரியாது. ஸ்ட்ரிப்பை சிவப்பு லைட்டில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ஃபிக்ஸர் முடிந்ததும் கழுவி, வெளியே கொண்டு போய், வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள். நான் குசினி லைட்டுக்குக் கீழே பார்ப்பேன். அம்மாவுக்கு நிலத்தில் சொட்டுகிற தண்ணீர் பிரச்சினை.

தண்ணீர் 30 பாகையில் வருகிறது. 20க்கு எப்படி இறக்குவது? கட்டாயம் இறக்கத்தான் வேண்டுமா?

ஐஸ்கட்டியை டெவலப்பருக்குள் நேரே போட்ட ஒருவர் எனக்குத் தெரியும் (நான்தான்). கட்டி கரையக் கரைய டெவலப்பர் தண்ணீராகிறது. முதல் பிரிண்ட் நல்லாக வந்தது, ஆறாவது பிரிண்ட் நோயாளி மாதிரி வெளிறிப்போய் வந்தது.

இப்போது செய்வது இதுதான். உடுப்புத் துவைக்கும் பெரிய பேசினில் தண்ணீர் விட்டு, அதற்குள் டெவலப்பர் ட்ரேயை மிதக்க வைப்பேன். முழுதாக நிரப்பாமல் பிரீசரில் உறைய வைத்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல் ஒன்று பேசினுக்குள். ஒன்று கரையும்போது மற்றது பிரீசரில் இருக்கும். இப்படி மே, ஜூன் மாதத்திலும் 22, 23 பாகையில் இரண்டு மணித்தியாலம் நிறுத்திப் பிடிக்கலாம். பேப்பருக்கு அது தாராளமாகப் போதும்.

உண்மையைச் சொன்னால், எந்த எண் என்பதை விட அந்த எண் அசையாமல் நிற்பதுதான் முக்கியம். 26இல் நிற்க முடியும் என்றால் 26இலேயே நில்லுங்கள். டெவலப்பரை ஒன்றுக்குப் பதினான்கு என்று இன்னும் ஐதாகக் கலந்தால் வேகம் குறையும், படம் கைக்குள் அடங்கும். மாலை ஆறு மணிக்கு 24, எட்டு மணிக்கு 30 என்று ஏறிக்கொண்டே போனால்தான் சிக்கல். முதல் பிரிண்டுக்குப் பார்த்த எக்ஸ்போஷர் கடைசிப் பிரிண்டுக்குப் பொருந்தாது. சூடான டெவலப்பர் காற்றுப்பட்டுக் கெதியாகச் சாகவும் செய்யும். பால் விடாத பிளேன்ரீ நிறத்துக்கு வந்தால் ஊற்றிவிடுங்கள்.

மற்ற ட்ரேக்களையும் அதே சூட்டுக்குக் கிட்ட வைத்திருங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் ஒவ்வொரு சூடு என்பது பார்க்கப் போகிறவர்களுக்கு விசேஷம். மூன்று ட்ரேயும் அப்படி இருந்தால் விசேஷம் இல்லை. ஃபிலிம் கழுவும்போது இது இன்னும் கவனம். குளிர்ந்த ஃபிக்ஸரில் இருந்து எடுத்துச் சூடான குழாய்த் தண்ணீரில் விட்டால் ஜெலட்டின் படை இளகிச் சுருங்கி, வெடித்த குளத்துச் சேறு மாதிரி ஆகும். இப்போதைய ஃபிலிம்கள் இதைப் பெரும்பாலும் தாங்கும். பழைய ரகங்கள் தாங்காது.

விளிம்பே சாம்பலாக இருக்கிறது. சேஃப்லைட்டா, பேப்பரா?

இரண்டு துண்டுப் பேப்பர் எடுங்கள். சேஃப்லைட்டையும் அணைத்துவிட்டு, முழு இருட்டில் ஒன்றை நேரே ஃபிக்ஸரிலும் மற்றதை டெவலப்பர், ஸ்டொப் பாத், ஃபிக்ஸர் என்று வரிசையாகவும் விடுங்கள். கழுவிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வெள்ளை என்றால் பேப்பர் சுத்தம். டெவலப்பர் கண்டது சாம்பல் என்றால் பேப்பர் வயது போனது, அல்லது டெவலப்பர் மிகச் சூடு.

பேப்பர் தப்பியது என்றால் சேஃப்லைட்டைச் சோதியுங்கள். பேப்பரில் ஒரு காசை வைத்து ஐந்து நிமிடம் விட்டு டெவலப் செய்து பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அது அரைச் சோதனை. வெறும் பேப்பருக்கு ஒரு தொடக்க மந்தம் உண்டு, கொஞ்ச வெளிச்சத்தை அது விழுங்கிவிட்டு வெள்ளையாகவே நிற்கும். படத்தின் வெளிச்சமும் பட்ட இடத்தில் அதே சின்ன வெளிச்சம் சேர்ந்தால் நிறம் ஏறிவிடும். அதனால் முதலில் நெகட்டிவ் இல்லாமல், லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்கி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சாம்பல் வருகிற அளவுக்கு எவ்வளவு வெளிச்சம் தேவை என்று பாருங்கள். அந்த அளவு கொடுத்த பேப்பரில் பத்து ரூபாய்க் குற்றி ஒன்றை வைத்து, சேஃப்லைட்டுக்குக் கீழே ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு சேஃப்லைட்டை அணைத்து டெவலப் செய்யுங்கள். குற்றியின் தடம் வெளிறித் தெரிந்தால் உங்கள் சேஃப்லைட் பெயரில் மட்டும்தான் பாதுகாப்பு.

கோயில் திருவிழாவுக்குத் தொங்கவிடுகிற சிவப்புச் சாயம் பூசிய பல்ப் இந்தச் சோதனையில் தோற்கும். உள்ளேயிருந்து வெள்ளை கசியும். சிவப்பு எல்.ஈ.டி. பெரும்பாலும் நல்லது, ஆனால் எல்லாம் இல்லை. ஒரு பழைய சி.டி.யில் அதன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள். சிவப்பு மட்டும் தெரியவேண்டும், பச்சை, நீலக் கீற்று தெரிந்தால் வேண்டாம். மல்டிகிரேட் பேப்பருக்கு (ஃபில்டரால் வேறுபாட்டை மாற்றக்கூடிய ரகம்) நீலமும் தெரியும் பச்சையும் தெரியும், அதனால் வேறுபாடு மாறாத பழைய கிரேட் பேப்பருக்கு ஒத்துவந்த மஞ்சள் லைட் இதற்கு ஒத்துவராமல் போகலாம். சேஃப்லைட் எந்த ரகம் என்றாலும் பேப்பருக்கும் அதற்கும் நான்கடி இடைவெளி விடுங்கள்.

இன்னொன்று. காற்சட்டைப் பையில் இருக்கும் போன். மெல்லிய துணிக்குள்ளால் திரை வெளிச்சம் எவ்வளவு வரும் என்று, யாராவது அழைப்பெடுக்கும்வரை தெரியாது.

மூடிப்போன ஸ்டூடியோவில் இருந்து பழைய பேப்பர் பெட்டி கிடைத்தது. பாவிக்கலாமா?

பாவித்துப் பாருங்கள், ஆனால் நம்பி ஏமாறாதீர்கள். ஓட்டு வீட்டு அலுமாரியில் இருபது வருடம் கிடந்த பேப்பர் வெக்கையிலேயே பூத்துப்போயிருக்கும். டெவலப்பரில் கொஞ்சம் பென்சோட்ரையசோல் என்ற இரசாயனம் சேர்த்தால் சாம்பல் ஓரளவு அடங்கும், கூடவே பேப்பரின் வேகமும் குறையும். நல்ல பேப்பர் கிடைத்தால் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரட்டைப் பொலித்தீன் பை, வாயை இறுக்கிக் கட்டி. வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள். இந்த ஈரக் காற்றில் குளிர்ந்த பேப்பரைத் திறந்தால் சோடாப் போத்தல் மாதிரி வியர்க்கும். காலையில் எடுத்து வைத்து மாலையில் திறப்பது என் வழக்கம்.

வெள்ளைப் புள்ளிகள். எவ்வளவு ஊதினாலும் போகவில்லை.

பிரிண்டில் வெள்ளைப் புள்ளி, வெள்ளை மயிர் என்றால் நெகட்டிவின் மேல் தூசி. அது வெளிச்சத்தை மறித்துவிட்டது. கறுப்புப் புள்ளி என்றால் கதை வேறு. படம் எடுக்கும்போது கமராவுக்குள்ளேயே ஃபிலிமில் தூசி இருந்து, நெகட்டிவில் அந்த இடம் ஓட்டை மாதிரித் தெளிவாக நிற்கிறது. அதை ஊதிப் போக்க முடியாது. வெள்ளைப் புள்ளியைச் சாயம் தொட்டு மெல்லிய தூரிகையால் நிரப்பிவிடலாம், கறுப்பைச் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். அதனால் றோல் போடுவதற்கு முன் கமராவின் உள்ளறையைத் துடையுங்கள்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தூசி இரண்டு பங்கு. (வெளியூர்க்காரருக்கு: இது கொறிக்கிற கச்சான் இல்லை, மேற்கே தரையில் இருந்து வரும் சூட்டுக் காற்று.) காற்று உலர்ந்திருப்பதால் ஃபிலிமில் நிலைமின் ஏறித் தூசியைக் காந்தம் மாதிரி இழுக்கும். தும்புத்தடியால் கூட்டாதீர்கள், கூட்டினால் நிலத்தில் கிடந்தது எல்லாம் மேலே ஏறும். ஈரத் துணியால் துடையுங்கள், சுவரில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், கால் மணித்தியாலம் கழித்து உள்ளே போங்கள். வேர்க்கும்தான். ரப்பர் ஊதியால் ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். நெகட்டிவைக் கரியரில் வைத்துவிட்டு, என்லாஜர் வெளிச்சத்தைச் சாய்வாகப் படவிட்டுப் பாருங்கள். அப்போதுதான் உண்மை தெரியும்.

ஓரம் கூர்மையான, கச்சிதமான வட்ட வெள்ளைப் புள்ளி வந்தால் அது தூசி இல்லை. டெவலப்பருக்குள் விடும்போது பேப்பரில் ஒட்டிக்கொண்ட காற்றுக்குமிழி. ஒரே வீச்சில் உள்ளே தள்ளி ட்ரேயை உடனே ஆட்டுங்கள்.

பிரிண்டில் என் கைரேகை!

வெள்ளை ரேகை என்றால் ஃபிக்ஸர் பட்ட விரல், கறுப்பு என்றால் டெவலப்பர் பட்ட விரல். பிரட்ரிக் கோட்டையில் திரிகிற மான் ஒன்றின் படம் என்னிடம் இருக்கிறது, அதன் நெற்றியில் என் பெருவிரல் வெள்ளையாகத் திருநீறு பூசினமாதிரி இருக்கும். டெவலப்பருக்கு ஓர் இடுக்கி, ஃபிக்ஸருக்கு ஓர் இடுக்கி, இரண்டுக்கும் வேறு நிறம். உலர்ந்த பேப்பர்ப் பெட்டியைத் தொடமுன் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துவாயில் துடைத்து, அந்தத் துவாயை வேறொன்றுக்கும் பாவிக்காதீர்கள்.

மாரி தொடங்கியதும் படத்தில் வளையம் வளையமாக வருகிறது.

மழைத் தண்ணீரில் பெற்றோல் சொட்டினால் தெரிகிற கோலம் மாதிரியா? அது நியூட்டன் வளையம். நெகட்டிவின் வழுவழுப்பான முதுகு கரியர் கண்ணாடியில் ஒட்டும்போது இரண்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியில் ஒளி இப்படி விளையாடும். ஐப்பசி முதல் மார்கழிவரை வாடைக்காற்று மழையில் காற்றெல்லாம் ஈரம், ஃபிலிம் கண்ணாடியில் கூடுதலாக ஒட்டும். மேல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி இல்லாத கரியரில் வையுங்கள், அல்லது அதற்கென்றே சொரசொரப்பாக்கிய கண்ணாடி போடுங்கள். கண்ணாடி இல்லாவிட்டால் வேறு ஒரு வேலை சேரும்: பல்ப் சூட்டில் நெகட்டிவ் சட்டென்று வளைந்து ஃபோகஸ் விலகும். அரை நிமிடம் லைட்டைப் போட்டுச் சூடாக விட்டு, பிறகு ஃபோகஸ் பார்த்து, உடனே பிரிண்ட் போடுங்கள்.

படம் மங்கலாக இருக்கிறது. கமராப் பிழையா, என்லாஜர் பிழையா?

பிரிண்டில் பொடிப்பொடியாகத் தெரியும் ஃபிலிமின் மணிகளைப் பாருங்கள். மணி கூர்மையாக இருந்து படம் மங்கல் என்றால் கமராவில் எடுத்தபோதே பிழை, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. மணியே மங்கல் என்றால் என்லாஜர். நடு கூர்மை, ஓரம் மங்கல் என்றால் லென்ஸை முழுதாகத் திறந்து வைத்திருக்கிறீர்கள். அதன் துவாரத்தை இரண்டு மூன்று ஸ்டொப் சுருக்குங்கள், f/2.8 லென்ஸ் என்றால் f/8க்குக் கிட்ட. ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் என்லாஜர் தலை சாய்ந்திருக்கிறது.

படம் இரட்டையாக, பேய் மாதிரி நிழலோடு வந்தால் ஆட்டம். எனக்கு ஒரு மாதம் இது பிடிபடவே இல்லை. சில பிரிண்ட் நல்லாக வரும், சிலது மங்கல், அதுவும் கொஞ்சம் வெளிறியே வரும். ஃபேன் இல்லை, வாகனம் இல்லை. ஒருநாள் எக்ஸ்போஷர் நடுவில் என்லாஜர் வெளிச்சம் ஒருதரம் கண் சிமிட்டினமாதிரி இறங்கியது, அதே நேரம் சுவர் உறுமியது. தண்ணீர் மோட்டர். சுவருக்கு மறுபக்கம்தான் பூட்டியிருக்கிறது. மேல் தாங்கியில் தண்ணீர் இறங்கியதும் தன்பாட்டில் ஓடத் தொடங்கும். ஆட்டமும் அதனால்தான், வெளிறலும் அதனால்தான். இப்போது இருட்டறைக்குப் போகமுன் தாங்கியை நிரப்பி மோட்டர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போகிறேன்.

கரண்ட் ஏறி இறங்கினால் பிரிண்ட் அவ்வளவு மாறுமா?

மாறும். டங்ஸ்டன் பல்புக்கு வோல்டேஜ் 5 சதவீதம் இறங்கினால் வெளிச்சம் 15 சதவீதத்துக்கு மேல் இறங்குகிறது. 230 என்று இருக்கவேண்டியது மாலை ஏழு மணிக்கு, எல்லோர் வீட்டிலும் லைட்டும் ஃபேனும் போட்ட பிறகு, 218இல் நிற்கலாம். அது அந்த 5 சதவீதம்தான். அதோடு வெளிச்சம் சிவந்தும் போகும், நீலம் குறையும். மல்டிகிரேட் பேப்பரில் கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டுவது நீலம், குறைப்பது பச்சை. அதனால் பிரிண்ட் வெளிறுவதோடு சப்பென்றும் போகும். ஒரு ஸ்டெபிலைசர் போதும். இரவு பத்துக்குப் பிறகு வேலை செய்வது அதைவிட மலிவு.

என்லாஜருக்கு எல்.ஈ.டி. பல்ப் மாற்றியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் ஃபில்டர் இலக்கங்கள் சொன்னபடி வேலை செய்யாது. உங்கள் பல்புக்கு நீங்களே புதிதாக டெஸ்ட் போட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த காலத்தில் ஒரு பாடம் படித்தேன். எக்ஸ்போஷர் நடுவில் கரண்ட் போனால் அந்தப் பேப்பரை மறந்துவிடுங்கள். டெவலப்பரில் இருக்கும்போது போனால் பதறி டோர்ச் அடிக்காதீர்கள், இருட்டிலேயே வாய்விட்டு எண்ணிக்கொண்டு ஸ்டொப் பாத், ஃபிக்ஸர் என்று வரிசையாக நகர்த்தலாம். ட்ரேக்கள் எப்போதும் ஒரே ஒழுங்கில் இருந்தால்.

இராவணன் வெட்டுப் பக்கம் எடுத்த படம். பாறை கறுப்பு, கடல் வெறும் வெள்ளை. இரண்டும் சேர்ந்து வரவில்லை.

கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லோரும் எடுக்கிற படம், எல்லோருக்கும் வருகிற பிரச்சினை. பாறை வெடிப்புக்குள் நிழல் இருட்டு, பின்னால் வெயிலில் மினுங்கும் கடல். நெகட்டிவிலேயே இரண்டுக்கும் இடையில் தூரம் கூட. அடுத்தமுறை நிழலுக்கு அளந்து கூடுதலாக எக்ஸ்போஷர் கொடுத்து, ஃபிலிமை வழக்கத்தை விட 15 சதவீதம் குறைவாக டெவலப் செய்யுங்கள். சூடான தண்ணீரில் கழுவும் நாங்கள் பெரும்பாலும் தெரியாமலே அதிகமாக டெவலப் செய்துவிடுகிறோம். வெயில் படங்கள் கல்லு மாதிரி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கையில் இருக்கிற நெகட்டிவுக்கு? முதலில் ஒரு தாழ்ந்த ஃபில்டர், 1 அல்லது 1½ (இலக்கம் ஏற ஏற வேறுபாடு கூடும்; 00 ஆகக் குறைவு, 5 ஆகக் கூட). அதில் கடல் வந்து பாறை சப்பென்று போனால் இரண்டு ஃபில்டரையும் ஒரே பேப்பரில் போடுங்கள். 00 ஃபில்டரில் டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டு, அலை நுரைக்கு மட்டும் மெல்லிய நிறம் வருகிற நேரத்தைப் பிடியுங்கள். அதைக் கொடுத்த பேப்பரின் மேல் 5 ஃபில்டரில் இன்னொரு ஸ்ட்ரிப் போட்டு, பாறை வெடிப்பு முழுக் கறுப்பு ஆகிற நேரத்தைப் பிடியுங்கள். என் என்லாஜரில் அந்தப் படத்துக்கு 12 வினாடியும் 7 வினாடியும். உங்களுக்கு வேறாக வரும். பிறகும் வானம் வெறுமை என்றால், நடுவில் ஓட்டை வெட்டிய மட்டையால் வானத்துக்கு மட்டும் 00இல் இன்னும் கொஞ்சம். மட்டையை அசைத்துக்கொண்டே இருங்கள், நிறுத்தினால் அதன் ஓரம் படத்தில் கோடு போடும்.

இல்போர்ட் ஃபில்டர்களில் 00 முதல் 3½ வரை எக்ஸ்போஷர் ஒன்றே, 4க்கும் 5க்கும் இரண்டு மடங்கு. இதை மறந்து 'ஃபில்டர் மாற்றினதும் படம் வெளிறுது' என்று வருபவர்கள் உண்டு.

எந்த ஃபில்டர் போட்டாலும் படத்துக்கு உயிர் இல்லை. விளிம்பு மட்டும் வெள்ளை.

லென்ஸைக் கழற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி இருந்தால் பூஞ்சணம். இந்தக் கடற்கரை ஈரத்தில் பெட்டிக்குள் பூட்டி வைத்த லென்ஸுக்கு அது வராவிட்டால்தான் அதிசயம். லென்ஸ் திறக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதன் பிறகு சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில்.

சில மாதத்தில் பிரிண்ட் மஞ்சளாகிறது.

ஃபிக்ஸர் செத்திருக்கிறது, அல்லது சரியாகக் கழுவவில்லை. ஃபிக்ஸரைச் சோதிக்க ஒரு துண்டு ஃபிலிமை வெளிச்சத்திலேயே அதில் போட்டு, எத்தனை வினாடியில் தெளிகிறது என்று எண்ணுங்கள். புது ஃபிக்ஸரில் எடுத்த நேரத்தின் இரண்டு மடங்கு எடுத்தால் ஊற்றவேண்டியதுதான் (கிணற்றடியில் வேண்டாம், வெள்ளி கரைந்திருக்கும்). டெவலப்பரில் இருந்து நேரே ஃபிக்ஸருக்குப் போகாமல் நடுவில் ஸ்டொப் பாத் வையுங்கள். கடையில் கிடைக்கிற நிறமில்லாத வினாகிரி ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் போதும். தென்னை வினாகிரி சம்பலுக்கு நல்லது, பேப்பருக்கு வேண்டாம்.

ஆர்.சி. பேப்பருக்கு இரண்டு நிமிடம் ஓடும் தண்ணீரே காணும். நல்லது என்று நினைத்து ஒரு மணித்தியாலம் ஊறவிட்டால் ஓரத்தால் தண்ணீர் புகுந்து பிரியும். பிளாஸ்டிக் இல்லாத ஃபைபர் பேப்பருக்குத்தான் ஒரு மணித்தியாலம் வேண்டும். கிணறு உவர் என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு விஷயம்: உப்புத் தண்ணீர் ஹைப்போவை (பேப்பரில் ஊறி நிற்கும் ஃபிக்ஸர் மருந்தை) நல்ல தண்ணீரை விடக் கெதியாக வெளியே தள்ளும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல்களில் கடல்நீரால் கழுவியபோது இதைக் கவனித்தார்கள். இப்போது விற்கும் ஹைப்போ கிளியரிங் கரைசல்களின் தொடக்கம் அதுதான். ஆனால் உப்பு பேப்பரிலேயே நின்றால் கேடு. கடைசிக் கழுவல் நல்ல தண்ணீரில், தாராளமாக.

காயவைக்கும் இடம்?

நுளம்பு வலை அடித்த மரச்சட்டம். ஃபைபர் பேப்பர் முகம் கீழே, ஆர்.சி. முகம் மேலே. மழைக்காலத்தில் முழுதாகக் காயாத பிரிண்டுகளை முகத்தோடு முகம் அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கப் பிரிக்கப் படம்தான் கிழியும். ஜெலட்டின் கரப்பானுக்கு விருந்து. பல்லி ஒன்று ஈரப் பிரிண்டில் குறுக்கே நடந்து நான்கு காலையும் பதித்துவிட்டுப் போனதும் உண்டு. அதற்குப் பஞ்சாங்கத்தில் என்ன பலன் என்று அம்மா தேடிப் பார்த்தார், இல்லை.

தெரியாமல் லைட்டைப் போட்டுவிட்டேன். டெவலப்பரில் இருந்த பிரிண்ட் பாதி நெகட்டிவ் மாதிரி ஆகிவிட்டது.

எறியாதீர்கள். டெவலப் ஆகிக்கொண்டிருக்கும் பேப்பரில் சட்டென்று வெளிச்சம் பட்டால் வெள்ளை இடங்கள் கறுத்து, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். இதை வேண்டுமென்றே செய்து பெயர் வாங்கியவர் கொழும்பில் இருந்த லயனல் வென்ட். 1944இல் காலமானார். என்னிடம் இருப்பது வேண்டுமென்று செய்தது இல்லை. 'அண்ணா, தேத்தண்ணி' என்று தங்கச்சி கதவைத் திறந்த ஒரு வினாடி அது. கொட்டியாறுக் குடாவில் நின்ற தோணி ஒன்று, சுற்றிவர வெள்ளி விளிம்போடு. பத்து முறை அதே மாதிரிச் செய்யப் பார்த்தேன், வரவில்லை. இப்போது அது இருட்டறைக் கதவிலேயே தொங்குகிறது. அதற்குக் கீழே 'தட்டிவிட்டுத் திற' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.